ஹெட்போன் அடாப்டரும் முனிரத்தினத்தின் காலும்

போன வாரம் நம் ஆஸ்பத்திரி நர்ஸுகளின் வாட்ஸாப் குழுவில், டெலிமெடிசின் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அக்கா, ரூமுல இருக்கிற டேப்லெட்டுக்கு ஹெட்போன் மாட்ட ஒரு அடாப்டர் வாங்கணும். விலை கம்மியா எது நல்லதுன்னு சொல்லுங்க." ஒரு வரிக் கேள்வி. ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்தேன். வாசல் கதவைச் சாத்தினேனா என்று பார்த்தேன். திரும்பி வந்து இரண்டு வார்த்தை அடித்தேன், அழித்தேன். வேலையிலிருந்துதான் ஓய்வு கொடுத்தார்கள். இந்தப் பரபரப்பிலிருந்து எனக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. அதனால் பதிலை நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சித்தூரில் நம் ஆஸ்பத்திரியின் டெலிமெடிசின் அறையை ஓய்வு பெறும்வரை நான்தான் பார்த்துக்கொண்டேன். அதற்கு முன் வார்டு நர்ஸ். அந்த அறையில் நடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நோயாளி இங்கே நாற்காலியில் இருப்பார். பெரிய டாக்டர் திருப்பதியிலிருந்து திரையில் வருவார். நடுவில் நாம். புண்ணைக் காட்டுவது, ரிப்போர்ட்டைக் காட்டுவது, ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது. கடைசியாகச் சொன்னதுதான் நம் வேலை. மற்றதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

முன்பு அந்த அறையில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. காது மந்தமானவர்கள் வந்தால், காதை முழுசாக மூடுகிற ஒரு ஹெட்செட்டை மாட்டிவிடுவேன். வாய்ப் பக்கம் ஒரு மைக் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் டாக்டர் குரல் காதுக்குள்ளேயே கணீரென்று விழும். பிறகு கம்ப்யூட்டர் போய் டேப்லெட் வந்தது. டேப்லெட்டில் ஹெட்செட்டின் உருண்டைப் பின்னைச் செருக ஓட்டை இல்லை. சார்ஜர் போடுகிற தட்டையான துளை ஒன்றுதான். இரண்டையும் சேர்க்க விரல் நீளத்தில் ஒரு அடாப்டர் வேண்டும் என்று ஸ்டோருக்கு எழுதிக் கொடுத்தேன். அது வரவே இல்லை, அதைப் பெரிய விஷயமாக யாரும் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், முனிரத்தினம் வந்த அந்தக் காலை வரைக்கும் எனக்கே அது சில்லறைச் சாமான்தான்.

முனிரத்தினத்துக்கு அறுபதைத் தாண்டிய வயது. குடும்பம் ஒரு தலைமுறைக்கு முன் நகரிப் பக்கத்திலிருந்து வந்து பாகாலாவுக்கு அருகில் நிலம் வாங்கி உட்கார்ந்தது. கரும்பு போட்டு, சொந்தமாக ஆலை வைத்து வெல்லம் காய்ச்சுகிறவர். இன்ஜின் பக்கத்திலேயே நின்று நின்று காது போய்விட்டது. அறுத்த கரும்பின் அடிக்கட்டை குத்தியதை, சர்க்கரை வியாதியால் மரத்துப்போன கால் அவருக்குச் சொல்லவே இல்லை. மகன் சேகர் திருப்பதியில் ஒரு ஓட்டலில் கேஷியர். ஊருக்கு வந்தவன் அப்பாவின் காலைப் பார்த்துவிட்டு அலறியடித்துக்கொண்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டு எங்களிடம் வந்திருந்தான்.

நான் கட்டைப் பிரித்தபோதே தெரிந்துவிட்டது. கட்டை விரல் கரி மாதிரி இருந்தது. பாதம் வீங்கிப் பளபளத்தது. சிவப்பு கணுக்காலைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. நாற்றத்தில் வாசலில் காத்திருந்தவர்கள் தள்ளிப் போய் நின்றார்கள். அவசரம் என்று சொல்லி வரிசையை நிறுத்திவிட்டுத் திருப்பதி டாக்டரைப் பிடித்தேன். டாக்டர் அம்மா கண்டிப்பானவர், வேலையில் கெட்டிக்காரர். தெலுங்குதான் வீட்டு மொழி, தமிழும் நன்றாக வரும். திரையில் பாதத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"முனிரத்தினம்காரு, எத்தனை நாளா இந்தப் புண்ணு?"

"ஆமாம்மா" என்றார் முனிரத்தினம், சிரித்த முகமாக.

"ஜுரம் இருக்குதா?"

"ஆமாமா, ஆமாம்மா."

சேகர் குறுக்கே வந்து அவனே பதில் சொன்னான். டாக்டர் அவசரத்தில் இருந்தார். சுருக்கமாகச் சொன்னார். பாதம் பிழைக்காது. விஷம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும். இன்றைக்கே. இப்போதே ஆம்புலன்ஸில் திருப்பதிக்கு அனுப்புங்கள். "அவருக்குச் சொல்லுங்க. அவரு ஒத்துக்கணும்."

சேகர் குனிந்து அப்பாவின் காதில் கத்தினான். "நைனா! கட்டை வெரலு! கட்டை வெரலை எடுக்கணுமாம்!"

"எடுக்கட்டும், எடுக்கட்டும். வெரலுதானே" என்றார் முனிரத்தினம். "அத்த வச்சிக்கினு இன்னா பண்ணப்போறேன்?"

டாக்டர் அந்த நேரத்தில் தலையைக் குனிந்து ரிப்போர்ட் பார்த்துக்கொண்டிருந்தார். சேகர் கத்தியது அவருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. "எடுக்கட்டும்" மட்டும் சேர்ந்தது. "ஒத்துக்கிட்டாரா? நல்லது. நான் தியேட்டருக்குச் சொல்லிடறேன்" என்றார்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்று மைக்கை மூடிவிட்டு சேகரைப் பார்த்தேன். அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"வெரலுன்னு ஏன்ப்பா சொன்னே?"

"அக்கா, காலுன்னு சொன்னா இப்பவே எறங்கி வீட்டுக்குப் போயிடுவாருக்கா. எங்க பெரியப்பாவுக்குக் காலு எடுத்தாங்க. அப்புறம் அவரு எழுந்திருக்கவே இல்ல. அத்தப் பார்த்துட்டு, 'என்னை மட்டும் அப்படிப் பண்ணிடாதீங்கடா'ன்னு எத்தினி தபா சொல்லிக்கினு இருந்திருக்காரு தெரியுமா? வீட்டுக்குப் போயிட்டா செத்துடுவாருக்கா. உயிரு இருந்தா போதும். முழிச்சப்புறம் நான் சொல்லிக்கிறேன். திட்டட்டும், அடிக்கட்டும்."

அப்பாவைக் காப்பாற்றத்தான் அவன் பொய் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த மாதிரி இடத்தில் கெட்ட ஆள் யாரும் இருக்கமாட்டார். கெட்ட ஆள் ஒருவர் இருந்தால் நமக்குச் சுலபம், அவரை வெளியே அனுப்பிவிடலாம். இங்கே மகன் நல்லவன், டாக்டர் நல்லவர், நோயாளி சந்தோஷமாகத் தலையாட்டுகிறார், நேரம் ஓடுகிறது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் எல்லாம் நடந்துவிடும். முனிரத்தினம் மயக்கம் தெளிந்து போர்வையைத் தூக்கிப் பார்ப்பார்.

மைக்கைத் திறந்து டாக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். சேகர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

டாக்டர் கையிலிருந்த ரிப்போர்ட்டைக் கீழே வைத்தார். "அவருக்குத் தெரியாம நான் கத்தி வைக்க மாட்டேன்" என்றார். "நானே அவர்கிட்ட சொல்றேன். அவருக்குக் கேக்கற மாதிரி ஏதாவது பண்ணுங்க. இங்க ஒரு கேஸ் இருக்குது, அதைப் பார்த்துட்டு மறுபடியும் லைனுக்கு வரேன். ஆனா அந்தக் காலு நமக்காகக் காத்திருக்காது, அது ஞாபகம் இருக்கட்டும்." திரை இருண்டது.

முதலில் நானே கத்திப் பார்த்தேன். அவருடைய இடது காதில் வாயை வைத்து, "காலு! முழுக் காலு!" என்றேன். "ஆமாம்மா, காலுலதான் வெரலு" என்றார் பொறுமையாக. அறைக்கு வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கத்தினால் ஒரு சொல்லை ஒருவர் காதுக்குள் தள்ளலாம். ஏன், எதற்கு, வேறு வழி உண்டா, இல்லாவிட்டால் என்ன ஆகும், இதையெல்லாம் கத்த முடியாது. படிக்கத் தெரிந்திருந்தால் எழுதிக் காட்டியிருப்பேன். அவருக்குப் படிப்பு இல்லை. போனைக் காதில் வைத்துப் பார்த்தேன். "கொரகொரன்னுது" என்று தள்ளிவிட்டார். இழுப்பறையைத் திறந்தேன். பழைய ஹெட்செட் இருந்தது. அடாப்டர் இல்லை. என் போனிலும் உருண்டை ஓட்டை இல்லை, சேகர் போனிலும் இல்லை.

இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படியுங்கள். எதை முதலில் செய்வது? அடாப்டர் வாங்கி, அவருக்குக் கேட்கவைத்து, அவர் சம்மதித்த பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதுதான் முறை என்று தோன்றும். அப்படிச் செய்திருந்தால் நேரம் முழுக்க வீணாகியிருக்கும். நான் முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அது வேறொரு நோயாளியை இறக்கிவிட்டுத்தான் வரமுடியும் என்றார்கள். வரட்டும். அவர் மாட்டேன் என்றால் வெறும் வண்டியாகத் திருப்பி அனுப்பிவிடலாம், திட்டு வாங்குவது என் பாடு. ஊசி, டிரிப் எல்லாம் நர்ஸ் ரூபாவிடம் ஒப்படைத்தேன். அவருக்குக் கேட்கவைப்பதற்காக அவருடைய சிகிச்சை ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. இப்படி ஏற்பாடு செய்துவிட்டு, டேப்லெட்டையும் ஹெட்செட்டையும் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

டேப்லெட் அறையைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. தெரியும். ஆனால் டேப்லெட்டை விட்டுவிட்டுப் போய் எதையாவது வாங்கிவந்து, அது இதில் வேலை செய்யாவிட்டால்? இன்னொரு முறை போய்வர நேரம் ஏது? ஆட்டோவில் உட்கார்ந்து, "ஆண்டவரே, சிக்னல்ல நிக்காம போகட்டும்" என்று முனகிக்கொண்டே போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசையில் ஒரு மொபைல் சாமான் கடை. வெளியே தோரணம் மாதிரி ஒயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. கடைக்காரர் தெலுங்குக்காரர். அடாப்டர் என்றதும் ஒரு கொத்தை எடுத்துப் போட்டார்.

"இதுல எதுங்க நல்லா இருக்கும்?"

"அன்னி ஒகட்டே அம்மா. எல்லாம் ஒண்ணுதான். விலை கம்மி இது, எடுத்துக்கோங்க."

எல்லாம் ஒன்று இல்லை. அன்றைக்குத்தான் நானும் கற்றுக்கொண்டேன். அவர் கொடுத்த மெல்லிய வெள்ளை ஒயரை டேப்லெட்டில் செருகி ஹெட்செட்டை மாட்டி ஒரு பாட்டைப் போட்டேன். பாட்டு ஹெட்செட்டில் வரவில்லை. டேப்லெட்டின் ஸ்பீக்கரிலேயே கடை முழுக்க அலறியது. "உங்க டேப்லெட்தான் கெட்டுப்போயிருக்குது" என்று அவர் அதே ஒயரைத் தன் போனில் போட்டுக் காட்டினார். அதில் பாடியது. அவர் சொன்னதும் பொய்யில்லை. சில போன்களில், சத்தத்தைக் காதுக்கு ஏற்ற மாதிரி மாற்றும் வேலையைப் போனே செய்துவிடும். வெறும் ஒயர் போதும். சிலவற்றில் அந்த வேலைக்கான சின்ன சிப் அடாப்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். நம் டேப்லெட் இரண்டாவது ஜாதி. வெளியே பார்த்தால் எல்லா அடாப்டரும் ஒரே மாதிரிதான் இருக்கும். செருகிப் பார்த்தால்தான் தெரியும்.

"சிப் வச்சது கொடுங்க."

இரண்டாவதை எடுத்தார். பாட்டு ஹெட்செட்டில் கேட்டது. எனக்கு உயிர் வந்தது. பணத்தை எடுக்கப் போனேன். சேகர் போன் செய்தான்: "அக்கா, எங்க இருக்கீங்க? நைனாவுக்கு நடுக்கம் வந்துட்டுது." ரூபாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே ஏதோ உறுத்தியது. கேட்டால் மட்டும் போதுமா? முனிரத்தினம் பேசுவது டாக்டருக்குப் போக வேண்டாமா? அடாப்டரை மாட்டியதும் டேப்லெட் தன் சொந்த மைக்கை மூடிவிட்டு ஹெட்செட் மைக்கைத்தான் எதிர்பார்க்கும். அந்த மைக் செத்திருந்தால், டாக்டர் பேசுவது இவருக்குக் கேட்கும், இவர் பேசுவது டாக்டருக்குக் கேட்காது. காலையில் நடந்ததற்குத் தலைகீழ். அவர் "வேணாம்" என்று கத்தினாலும் திருப்பதியில் மௌனமாகத்தான் இருக்கும்.

டேப்லெட்டில் குரல் பதிவைப் போட்டு, ஹெட்செட் மைக்கில் பேசினேன். என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். "முனிரத்தினம், உங்க காலை எடுக்கணும். முழங்காலுக்குக் கீழ. வெரலு இல்ல, காலு." நிறுத்திப் போட்டுக் கேட்டேன். வெறும் இரைச்சல்.

நிமிர்ந்தபோது கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவரிக்கம்மா? யாருக்குக் காலு?" என்றார். ஆஸ்பத்திரி, காது கேட்காத பெரியவர் என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அதன் பிறகு அவர் எதற்கும் வாதாடவில்லை. அடுத்த பாக்கெட்டைத் தானே கிழித்து நீட்டினார். வந்த வேறு ஆட்களை நிறுத்திவைத்தார்.

மூன்றாவது, துணி சுற்றிய ஒயர். முதலில் பார்த்ததைவிடக் கொஞ்சம் விலை அதிகம், அவ்வளவுதான். பாட்டு கேட்டது. அதே வாக்கியத்தை மறுபடி பேசினேன். என் குரல் தெளிவாகத் திரும்பி வந்தது, "வெரலு இல்ல, காலு" என்று. அடாப்டரின் தட்டைப் பின்னை மேல்கீழாகத் திருப்பிச் செருகினேன், அப்போதும் வேலை செய்தது. சில மட்டமான அடாப்டர்கள் ஒரு பக்கம் போட்டால்தான் பேசும். ஒயரை மடக்கினேன், ஆட்டினேன், சத்தம் அறுந்துபோகவில்லை.

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். பெரிய கம்பெனி டப்பா, பல மடங்கு விலை. "ஆஸ்பத்திரிக்குன்னா இதை எடுத்துக்கோங்க. ரிஸ்க் வேணாம்." ஒரு கணம் கை போகத்தான் செய்தது. பெரிய விலை கொடுத்தால் பொறுப்பு அந்தக் கம்பெனியுடையது ஆகிவிடும் என்று ஒரு நிம்மதி. ஆனால் அந்த டப்பாவைப் பிரித்துச் சோதிக்க அவருக்கு மனமில்லை. பிரித்தால் திரும்ப விற்க முடியாது. நம் டேப்லெட்டில், நம் ஹெட்செட்டில், என் குரலைத் திருப்பிச் சொன்னது கையில் இருக்கிறது. இன்னொன்று மூடிய டப்பா. துணி ஒயரையே எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அறைக்குத் திரும்பியபோது ஆம்புலன்ஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். "ஏம் அக்கா, எக்கிஸ்தாரா லேதா? ஏத்தறீங்களா இல்லியா?" இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். முனிரத்தினத்துக்கு ஜுரம் ஏறியிருந்தது, கண் தெளிவாக இருந்தது. சேகர் மூலையில் நின்றான். திருப்பதிக்குப் போட்டேன். ஒலித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அந்த நேரத்தில் நான் அறைக்குள் எத்தனை முறை நடந்திருப்பேன் என்று தெரியாது. 'ஒரு ஒயருக்காக இந்த மனுஷனை உட்காரவைத்துக் கொல்கிறாயா?' என்று எனக்குள்ளேயே ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டியில் ஏற்றி, போகிற வழியில் பேசவைக்கலாமா? வழியில் சிக்னல் கிடைக்காவிட்டால்? சரி, இன்னொரு முறை, அதற்கும் எடுக்காவிட்டால் வண்டியில் ஏற்றி, அங்கே போய் இறங்கியதும் பேசவைக்கலாம் என்று முடிவுசெய்து போட்டபோது டாக்டர் வந்தார். முகமூடி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

முனிரத்தினத்தின் தலையில் ஹெட்செட்டை மாட்டினேன்.

"முனிரத்தினம்காரு, வினபடுதோந்தா? கேக்குதா?"

மனிதர் நாற்காலியில் துள்ளிவிட்டார். இரண்டு கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தார். "அடேயப்பா" என்றார். "கேக்குதும்மா. நல்லா கேக்குது. பக்கத்துல குந்திக்கினு பேசற மாதிரி கேக்குது."

டாக்டர் சொன்னார். ஹெட்செட்டுக்குள் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. உதடுகள் நிதானமாக அசைவதை மட்டும் திரையில் பார்த்தேன். முனிரத்தினத்தின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு மெதுவாக அடங்கியது. குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு சேகரைப் பார்த்தார்.

"வெரலுன்னு சொன்னியே, நைனா" என்றார். எங்கள் பக்கத்தில் அப்பாவையும் நைனா என்போம், பாசம் வந்தால் மகனையும் நைனா என்போம். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் சேகர் தாங்கியிருப்பான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

முனிரத்தினம் திரைப் பக்கம் திரும்பினார். "எடுக்கலைன்னா?"

டாக்டர் பேசினார்.

"எத்தினி நாளைக்கு?"

டாக்டர் சொன்ன பதில் சின்னதாக இருந்தது. முனிரத்தினம் தலையை ஆட்டினார். வெளியே மறுபடி ஹாரன்.

"எங்க அண்ணனுக்குத் தொடை வரைக்கும் எடுத்துட்டாங்க. அவன் எழுந்து நிக்கவே இல்ல. எனக்கு முட்டி இருக்குமா? முட்டி இருந்தா கட்டைக்காலு மாட்டிக்கினு நடக்கலாம்னு ஆலைக்கு வர்ற ஒருத்தன் சொன்னான். அவன் நடக்கறான்."

அந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அண்ணனை நினைத்து அவர் பயந்தது காலை இழப்பதற்கு அல்ல, எழுந்து நிற்க முடியாமல் போவதற்கு. சேகருக்கே அது தெரியாது. டாக்டர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, கையால் தன் காலைத் தொட்டுக் காட்டி நீளமாகப் பேசினார். முனிரத்தினம் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்போ இன்னைக்குன்னா முட்டி நிக்கலாம். நாளைக்குன்னா சொல்ல முடியாது. அதானே?" என்று திருப்பிக் கேட்டார். டாக்டர் தலையசைத்தார். "அப்போ ஏம்மா பேசிக்கினு இருக்கோம்? எடுத்துடுங்க. போலாம்."

அடுத்து நடந்ததெல்லாம் ஓட்டம். ஸ்ட்ரெச்சரில் ஏற்றினோம். நான் அடாப்டரையும் ஹெட்செட்டையும் கழற்றி சேகர் போனில் மாட்டிச் சோதித்தேன், அதிலும் கேட்டது. "இதை எடுத்துட்டுப் போ. அங்க மயக்க டாக்டர் பேசணும், நர்ஸ் பேசணும். இன்னொரு போன்லேர்ந்து உன் போனுக்குக் கூப்பிட்டு இதுல பேசச் சொல்லு. யாரும் அவர் காதுல கத்தக் கூடாது. நீயும்தான்" என்றேன். அவன் வாங்கிக்கொண்டான். "அக்கா, நான் சொன்னது..." என்று ஆரம்பித்தான். வண்டியில் ஏறு, அப்புறம் பேசலாம் என்றேன்.

ஆம்புலன்ஸ் போன பிறகும் என்னால் உட்கார முடியவில்லை. வெளியே காத்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தேன். கை வேலை செய்தது. மனம் பாகாலாவைத் தாண்டியிருப்பார்களா, சந்திரகிரியைத் தாண்டியிருப்பார்களா என்று வண்டியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஸ்டோர் பொறுப்பாளர் வந்து, டேப்லெட்டை ஏன் வெளியே எடுத்துப்போனீர்கள், வாங்கிய அன்றே அடாப்டர் எங்கே போனது, ஹெட்செட் எங்கே போனது என்று வரிசையாகக் கேட்டார். திருப்பதிக்குப் போயிருக்கிறது என்றேன். நோயாளியோடு சாமானும் ரெஃபர் ஆகுமா என்று கேட்டுவிட்டுப் போனார். போகட்டும். அந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நிறைய நேரம் இருக்கும்.

ஆக, தங்கையே, உன் கேள்விக்கு வருகிறேன். ஹெட்செட் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்கிறதா என்று பார். இரண்டுதான் என்றால் அதில் மைக் கிடையாது. சிப் வைத்த அடாப்டராகக் கேள். டேப்லெட்டையும் ஹெட்செட்டையும் கையோடு கொண்டுபோ. அனுமதி கேட்டுக்கொண்டே கொண்டுபோ, என்னை மாதிரி திருட்டுத்தனமாக வேண்டாம். கேட்டுப் பார், பேசிப் பதிவுசெய்து பார், திருப்பிச் செருகிப் பார், ஒயரை ஆட்டிப் பார். இத்தனையும் தாண்டி வருவதில் விலை குறைந்தது எதுவோ அதை வாங்கு. இரண்டாக வாங்கு. ஆனால் அடாப்டர் கையில் இருந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதே. ஒரு நோயாளி எல்லாவற்றுக்கும் "ஆமாம்" சொன்னால் சந்தேகப்படு. வீட்டுக்காரர் ஒருவர் மொழிபெயர்க்கும்போது, அவர் எதை விட்டுவிடுகிறார் என்று பார். அதற்காகச் சிகிச்சையை நிறுத்தாதே. சிகிச்சை ஒரு பக்கம் நடக்கட்டும், நீ இன்னொரு பக்கம் ஓடு.

மறுநாள் மதியம் சேகர் கூப்பிட்டான். நான் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒரு வாய் இறங்கவில்லை. ஆபரேஷன் ராத்திரியே முடிந்துவிட்டது என்றான். மயக்கம் இப்போதுதான் தெளிந்து வருகிறதாம். வார்டு நர்ஸ், அவர் கண் திறந்ததும் ஹெட்செட்டைத் தேடி மாட்டிவிட்டாராம். "இருங்கக்கா, லைன்லயே இருங்க, அவரு ஏதோ கேக்கறாரு" என்றான். மனைவியின் போனில் என்னிடம் பேசிக்கொண்டிருந்தவன், அதிலேயே, ஹெட்செட் மாட்டியிருந்த தன் போனுக்கும் அழைத்து என்னையும் சேர்த்துவிட்டான். முனிரத்தினத்தின் தூக்கக் கலக்கமான குரல் வந்தது.

"யாரு பேசறது?"

"நான்தான், சேகரு."

"உன் குரலு இப்படியா இருக்குது?" என்றார் முனிரத்தினம். "கத்தறதைத்தான் கேட்டுக்கினு இருந்தேன். பெரிய மனுஷன் குரலா மாறிப்போச்சு." பிறகு, மெதுவாக, "முட்டி இருக்குதாடா?"

"இருக்குது நைனா" என்றான் சேகர். சாதாரணமாக, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில்.